நலமுள்ள சபைக்கு அடையாளம் யாது?

கோயில் என்பது கட்டடம். சபை என்பது கூடியிருக்கும் மக்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலாயாவுக்கு வந்து குடியேறிய கிறித்தவப் பெரியோர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். 'கோயிலுக்குப் போகிறோம்' என்பார்கள். ஆனால் 'சபை கூடிற்று', 'சபைக்குக் கணக்குக் காட்ட வேண்டும்' என்பார்கள். புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் சபையைக் குறிக்கும் சொல் 'எக்ளேசியா' என்பது. அழைக்கப்பட்டுக் கூடிய மக்கள் என்பதே அதன் பொருள். கல்லும் சுண்ணாம்பும் அச்சொல்லுக்குள் இல்லை.

ஆயினும், 'எந்தச் சபை நல்ல சபை?' என்று கேட்டால் நாம் பெரும்பாலும் கட்டடத்தையே காட்டுகிறோம். அல்லது ஞாயிறுதோறும் கூடும் கூட்டத்தின் தொகையைச் சொல்கிறோம். அதுவுமன்றேல், நாவன்மை மிக்க ஒரு போதகரின் பெயரைச் சொல்கிறோம். கோபுரத்தின் உயரமும் உண்டியலின் எடையும் ஒருவருடைய சொல்வன்மையும் ஒரு சபையின் நலத்துக்கு அளவுகோல் ஆகுமா? ஆகாது என்பதை ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுத் தமிழ்க் கிறித்தவ வரலாறு காட்டுகிறது. பிற சமயத்தைச் சார்ந்த வாசகர்களுக்கும் இவ்வாராய்ச்சி பயன்படும். கோயில் நிருவாகக் குழு, பெற்றோர் ஆசிரியர் சங்கம், வாசகசாலை என்று நாம் நடத்தும் பொது அமைப்புகள் அனைத்துக்கும் இதே கேள்வி பொருந்தும் அன்றோ?

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லப்பட்ட ஒரு சோதனையை இங்கே நினைவுகூர்கிறேன். வகுப்பு எவ்வாறு நடக்கிறது என்பதை ஆசிரியர் உள்ளே இருக்கும்போது பார்க்காதே. அவர் வெளியே சென்ற பிறகு பார் என்பது அச்சோதனை. ஆசிரியர் அகன்றவுடன் கூச்சலாய்ப் போகும் வகுப்பில் ஒழுங்கு இருந்ததில்லை, அச்சமே இருந்தது. அவர் இல்லாதபோதும் பிள்ளைகள் ஏட்டை விரித்து எழுதிக்கொண்டிருந்தால், அங்கேதான் கல்வி வேரூன்றியிருக்கிறது. சபைக்கும் இதுவே சோதனை. மேய்ப்பர் இல்லாத நாளில் மந்தை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு தொடக்கம்

திருநெல்வேலிச் சபையின் தொடக்கமே இத்தகைய சோதனையாக அமைந்தது. தஞ்சையிலிருந்து வந்து பாளையங்கோட்டையில் வாழ்ந்த பிராமணக் கைம்பெண் ஒருவர் 1778ஆம் ஆண்டில் சுவார்ட்சு ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா என்னும் பெயர் பூண்டார். சுவார்ட்சு ஐயரோ தஞ்சையில் இருந்து தொண்டாற்றியவர். பாளையங்கோட்டைக்கு அவர் வருவது அரிது. 1780ஆம் ஆண்டில் எழுதப்பட்ட முதற் பதிவேட்டில் 40 பேரே சபையாராகக் காணப்பட்டனர். அச்சிறு கூட்டத்தைப் பேணி வளர்த்தவர் அவ்வம்மையாரே. அவருடைய முயற்சியால் எழுந்த ஆலயம் 1785இல் நிறைவுற்றது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று அப்பகுதி மக்கள் அதனை வழங்குவர். பின்னர் அங்கு உபதேசியாராக வந்த சத்தியநாதன் என்னும் தமிழர் 1790ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அயல்நாட்டுக் குரு ஒருவர் அருகில் நிலையாகத் தங்கியிராத காலத்திலும், ஒரு பெண்மணியும் ஓர் உபதேசியாரும் சில குடும்பங்களுமாகச் சபை நின்றது, வளர்ந்தது.

ஒருவரைச் சார்ந்து நிற்பதன் கேடு

1820ஆம் ஆண்டில் இரேனியசு ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். பிரஷ்ய நாட்டிற் பிறந்து, இங்கிலாந்துச் சங்கம் ஒன்றின் சார்பில் தொண்டு புரிந்தவர் அவர். தமிழை ஆழ்ந்து கற்று இலக்கணநூல் எழுதியவர். வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தியவர். அவர் காலத்தில் நூற்றுக்கணக்கான ஊர்களில் சபைகள் தோன்றின. சபை தோன்றிய இடங்களில் பள்ளிக்கூடமும் தோன்றியது. மதம் மாறியதனால் ஊராரின் துன்புறுத்தலுக்கு ஆளான ஏழைகளுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றுவதற்காக 1830ஆம் ஆண்டில் தர்ம சங்கம் என்னும் அமைப்பை அவர் நிறுவினார். அச்சங்கத்தில் தமிழ்க் கிறித்தவர்களே பணம் சேர்த்தனர், தமக்குள்ளே உதவிக்கொண்டனர்.

இவ்வளவு செய்த அவருடைய வாழ்விலேயே பெரும் பிளவு ஒன்றும் நேர்ந்தது. உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வியில் சங்கத்துக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு முற்றி, 1835ஆம் ஆண்டில் அவர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். உபதேசியார் பலர் அவரைப் பின்பற்றினர். ஊர்கள் இரண்டுபட்டன. 1838ஆம் ஆண்டில் அவர் மறைந்த பிறகே காயம் மெல்ல மெல்ல ஆறியது.

இந்நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் உள்ளன. எத்துணை நல்லவராயினும் ஒரே மனிதரைச் சுற்றிக் கட்டப்பட்ட சபை, அவர் அசைந்தால் தானும் அசையும் என்பது ஒன்று. அப்படி அசைந்தபோதும் முற்றும் இடிந்து வீழாமல் அதனைத் தாங்கியவை எவை என்பது மற்றொன்று. அவர் எழுப்பிய அமைப்புகளே அதனைத் தாங்கின. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள், தம் காசில் தாமே நடத்திய சங்கம், ஊருக்கு ஊர் நின்ற உபதேசியார் ஆகிய இவை மூன்றும் அவர் மறைந்த பின்னும் மறையவில்லை.

இங்கிலாந்துச் சங்கத்தின் செயலாளராக 1841 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த என்றி வென் என்பவர் இத்தகைய அனுபவங்களைக் கூர்ந்து ஆராய்ந்தார். சபை தன் பொருளால் வாழ வேண்டும், தன் அறிவால் தன்னை ஆள வேண்டும், தன் முயற்சியால் பரவ வேண்டும் என மூன்று இலக்குகளை வகுத்தார். இம்மூன்றும் நிறைவேறும்போது அயல்நாட்டுச் சங்கத்தின் வேலை முடிந்துவிடும். அது வேறிடம் செல்லலாம். கட்டடம் எழும்பியபின் சாரத்தைப் பிரித்துவிடுவதைப் போன்றது இது. சாரத்தைப் பிரிக்க அஞ்சுகிறவன் தன் கட்டடத்தை நம்பாதவன் என்றே கொள்ள வேண்டும்.

பிடி அரிசி

தன் பொருளால் வாழ்வது என்றால் செல்வர்களின் சபை மட்டுமே வாழும் என்று பொருளா? அன்று. தமிழ்க் கிறித்தவப் பெண்கள் இதற்கு அரியதொரு வழி கண்டனர். உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலத்தில் போட்டுவைப்பர். வாரக் கடைசியில் அது கோயிலுக்குச் செல்லும். இதற்குப் பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர்.

இதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு பிடி குறைந்தால் எவரும் பட்டினி கிடப்பதில்லை. ஆகவே பனையேறியின் மனைவியும் கொடுக்கலாம். நாள்தோறும் செய்வதாகையால் ஆண்டுக்கு ஒருமுறை எழும் உணர்ச்சியைச் சார்ந்து அது நிற்கவில்லை. அடுப்பங்கரையில் நிகழ்வதாகையால் கொடுப்பவள் பெண். எனவே சபையின் பொருளாதாரத்தில் அவளுக்குப் பங்கு உண்டாயிற்று. பங்கு உண்டானபின் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டாகும்.

கேள்வி கேட்கும் உரிமை என்றவுடன் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அறிந்த ஒரு சபையில் பல ஆண்டுகள் கணக்கு வாசிக்கப்படவில்லை. எவரும் திருடியதாக மெய்ப்பிக்கப்படவும் இல்லை. ஆனால் ஐயம் மட்டும் வளர்ந்தது. முதலில் காணிக்கை குறைந்தது. பின்னர்க் கூட்டம் குறைந்தது. இறுதியில் இரண்டு குடும்பங்கள் ஒன்றன் வீட்டுத் துக்கத்துக்கு மற்றொன்று போகாத நிலை வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அரைமணி நேரம் கணக்கை உரக்கப் படித்திருந்தால் அவ்வளவும் நேர்ந்திராது. போதனை எவ்வளவு தூயதாயினும், கணக்கு மறைவானால் சபை நோயுறும்.

சபைக்குள் எழுந்த சுவர்

நோயைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். பெரிய நோயையும் சொல்லிவிடுவோம். திருநெல்வேலிப் பகுதியிலுள்ள வடக்கன்குளத்தில் 1872ஆம் ஆண்டில் கத்தோலிக்க ஆலயம் ஒன்று கட்டப்பட்டது. சாதிச் சண்டையைத் தவிர்ப்பதற்காக அதனை இரண்டு கூடங்களாக அமைத்து இடையே சுவர் எழுப்பினர். ஒரு கூடத்தில் வேளாளர், மற்றொன்றில் நாடார். இரு கூடங்களும் பீடத்தருகே வந்து சேரும். பீடத்தில் நிற்கும் குருவை இரு சாராரும் காணலாம். ஒருவரையொருவர் காண இயலாது!

வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது அழகிய கோயில். கூட்டம் உண்டு, பூசை உண்டு, பாட்டும் உண்டு. ஆனால் அங்கே சபை இருந்ததா? கடவுளை நோக்கும் கண் அடுத்த மனிதனை நோக்க மறுக்கும் இடத்தில் கட்டடம் மட்டுமே இருக்கும். 1910ஆம் ஆண்டையொட்டி அச்சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. சாதியின் பெயரால் ஆலயத்துக்குள் தனியிடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

கற்சுவரை இடிப்பது எளிது. கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் சபைத் தேர்தலிலும் எழும்பும் சுவர்களை இடிப்பது அரிது. கடல் கடந்து வந்த நாமும் அவற்றுட் சிலவற்றை மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தோம் என்பதை மறுப்பதற்கில்லை.

யாழ்ப்பாணம் தந்த வெட்கம்

தன் முயற்சியால் பரவுதல் என்னும் மூன்றாம் இலக்குக்கு வருவோம். வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874ஆம் ஆண்டில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர் அசரியா. 1902ஆம் ஆண்டில் அவர் யாழ்ப்பாணம் சென்றிருந்தார். அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தம் சொந்தச் செலவில் ஊழியரைக் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு அனுப்பி வந்ததை அவர் அறிந்தார். தொகையில் மிகுந்த திருநெல்வேலிச் சபையோ அதுவரை அவ்வாறு ஒருவரையும் பிற நாட்டாரிடம் அனுப்பவில்லை. பெறுவதற்கே பழகிய கை அது. அவ்வெட்கம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை.

1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றியது. இந்தியர் ஆள், இந்தியர் பணம், இந்தியர் நிருவாகம் என்பது அதன் கோட்பாடு. ஐதராபாத்து நிசாமின் நாட்டில், தெலுங்கு பேசும் ஏழை மக்களிடையே அதன் தொண்டு தொடங்கியது. பின்னர் அசரியா தாமே குருப்பட்டம் பெற்று அங்குச் சென்றார். தெலுங்கு பேசும் மக்களோடு வாழ்ந்தார். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிடேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை முதன்முதல் பெற்ற இந்தியர் அவரே. 1945ஆம் ஆண்டின் முதல் நாளில் மறையும் வரையில் அவர் அத்தொண்டிலேயே இருந்தார்.

இதனால் திருநெல்வேலிக்கு என்ன பயன்? பனங்காட்டு ஊர்களின் பிடி அரிசிக்கு இப்போது ஒரு திசை கிடைத்தது. தன் கூரையை மட்டும் வேய்ந்துகொண்டிருந்த சபை அயலான் வீட்டைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியது. கிணறு இறைக்க இறைக்க ஊறுவதுபோல, கொடுக்கத் தொடங்கிய சபையே உயிருள்ள சபையாயிற்று. ஆள் சேர்ப்பது மட்டும் இதன் பொருளன்று. பள்ளி, மருத்துவம், பஞ்சகால உதவி, கைவிடப்பட்ட முதியோர் என்று எத்தொண்டாயினும் அது தன்னைத் தாண்டிச் செல்ல வேண்டும். வெளியே செல்லாத அன்பு உள்ளேயே புளித்துப்போகும்.

மலாயாவில் இரு சோதனைகள்

இனி, நாம் வாழும் நாட்டுக்கு வருவோம். இங்கும் மேய்ப்பர் இல்லாத காலங்கள் வந்தன. ஒன்று தானாக வந்தது, மற்றொன்று வேண்டுமென்றே வகுக்கப்பட்டது.

முதலாவது, சப்பானியர் ஆட்சி. 1942ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு ஐரோப்பிய ஊழியர் பெரும்பாலோர் சிறைமுகாம் புகுந்தனர். ஆங்கிலிக்கன் அத்தியட்சர் வில்சன் 1943ஆம் ஆண்டில் சிறைப்பட்டபோது பொறுப்பு டாக்டர் டி. டி. செல்லையாவின் கைக்கு வந்தது. அவர் தமிழர், அதிலும் ஆசிரியர். சிங்கப்பூர்ப் புனித அந்திரேயர் பள்ளியில் பணியாற்றியவர். நீரிணைக் குடியேற்ற நாடுகளின் கல்விக் கொள்கை வரலாற்றை ஆராய்ந்து நூல் எழுதியவர். பசியும் அச்சமும் சூழ்ந்திருந்த அந்நாளில் அவரும் அவரைப் போன்ற ஆசிய ஊழியர்களும் சபைகளைக் காத்தனர். தோட்டங்களிலிருந்து நம்மவர் சயாம் மரண ரயில் வேலைக்கு வாரிச் செல்லப்பட்ட காலம் அது. லயங்களில் எஞ்சியிருந்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆறுதல் சொல்ல அக்கம்பக்கத்தாரைத் தவிர வேறு எவர் இருந்தார்?

இரண்டாவது சோதனை 1976ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அயல்நாட்டுச் சமய ஊழியர் இந்நாட்டில் தங்கியிருக்கும் காலத்துக்கு அரசாங்கம் 1960களின் பிற்பகுதியில் வரம்பு விதித்திருந்தது. குருக்களின் தொகை குறையும் என்பது தெளிவாயிற்று. கோலாலம்பூர், பினாங்கு, மலாக்கா-சொகூர் ஆகிய மூன்று மறைமாவட்டங்களின் ஆயர்களும் குருக்களும் அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஒன்றுகூடித் திருச்சபையின் எதிர்காலத்தை ஆராய்ந்தனர். ஒரு மாதம்! அம்மாதத்தில் பங்குகளில் குருக்கள் இல்லை. ஞாயிறு வழிபாட்டைச் சபை மக்களே நடத்தினர். நோயாளியைப் பார்ப்பதும் இறந்தோரை அடக்குவதும் அவர்கள் பொறுப்பாயின.

நான் அப்போது சிறு பிள்ளை. பால்மரம் சீவும் என் தந்தையார் வெள்ளைச் சட்டை அணிந்து, கை நடுங்க, வேதாகமத்தை விரித்து வாசித்த காட்சி கண்முன் நிற்கிறது. எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார். ஆனால் அன்றுவரை 'சாமியாரின் கோயில்' என்று சொல்லிவந்தவர், அன்று மாலை வீட்டில் 'நம்ம கோயில்' என்றார். ஆய்ந்தெழுதிய எவ்வறிக்கையும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

அக்கூட்டத்தின் முடிவுகளுள் தலையாயது, அண்டை வீடுகள் சிறு குழுக்களாகக் கூடி வேதம் வாசித்து ஒருவர்க்கொருவர் உதவும் அடிப்படைச் சமூகங்களை அமைப்பதென்பது. தமிழ்நாட்டில் இத்தகைய குழுக்களை அன்பியம் என்பர். அழகிய பெயர். பெரிய கூட்டத்தில் ஒருவன் வராவிட்டால் எவர்க்கும் தெரியாது. பன்னிரண்டு வீட்டுக் குழுவில் ஒருவன் வராவிட்டால் அன்று மாலையே ஒருவர் கதவைத் தட்டுவார்.

தோட்டம் கலைந்தபோது

இச்சிறு குழுவின் வலிமையை நான் நேரில் கண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய தோட்டம் விற்கப்பட்டது. ரப்பர் மரங்கள் வீழ்ந்தன. ஒரு பகுதியில் செம்பனை, ஒரு பகுதியில் வீடமைப்பு என்று திட்டம். லயங்கள் இடிக்கப்பட்டன. பெரட்டுக் களத்தின் ஓரத்தில் இருந்த தகரக் கூரைச் செபக்கூடமும் போயிற்று. மாதம் ஒருமுறை மட்டுமே குருவானவரைக் கண்ட மக்கள் அவர்கள். இருபதுக்கும் குறைவான குடும்பங்கள் மூன்று பட்டணங்களில் சிதறின.

அத்தோடு முடிந்தது என்றே நானும் நினைத்தேன். ஆனால் ஆயக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மையார், ஒரு பழைய பயிற்சி ஏட்டில் எல்லாருடைய புதிய முகவரிகளையும் எழுதி வைத்திருந்தார். அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில், அவர் வீட்டுக் கூடத்தில், அடுத்த ஞாயிறே ஆறு குடும்பங்கள் கூடின. பேருந்துக் கட்டணத்துக்கு ஒரு தகரப்பெட்டி வைத்தனர். வேலை தேடும் இளைஞனுக்கு வழி சொல்லினர். மதுவுக்கு அடிமையான ஒருவரை முறைவைத்துப் பார்த்துக்கொண்டனர். அக்கூடத்தில் சிலுவை ஒன்றைத் தவிரக் கோயிலின் அடையாளம் எதுவும் இல்லை. சபையின் அடையாளங்கள் அனைத்தும் இருந்தன.

அதே காலத்தில், நல்ல கட்டடமும் வைப்புத்தொகையும் உடைய வேறொரு சபை, போதகர் மாற்றலாகிச் சென்ற ஆறு மாதத்தில் இரண்டாகப் பிரிந்ததையும் கண்டேன். அடுக்குமாடிக் கூடத்தில் இருந்தது அங்கே இல்லை.

முடிவாக

ஆகவே, நலமுள்ள சபைக்கு அடையாளம் யாது என்னும் கேள்விக்கு விடை இவ்வாறு அமைகிறது. தன் மொழியில் வேதத்தைத் தானே வாசிக்கும் சபை. ஏழையும் கொடுக்கும் சபை. கொடுத்ததற்குக் கணக்குக் காட்டும் சபை. உள்ளே சுவர் இல்லாத சபை. தன்னைத் தாண்டித் தொண்டு செய்யும் சபை. இவை ஐந்தும் இருப்பின் மேய்ப்பர் இல்லாத நாளிலும் அது நிற்கும். மேய்ப்பர் வேண்டாம் என்பதன்று இதன் கருத்து. நல்ல மேய்ப்பர் தாம் இல்லாத நாளுக்காகவே மந்தையைப் பழக்குகிறார் என்பதே கருத்து.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு சொல். இன்று நம் தமிழ்ப்பள்ளிகளுட் பல, தோட்டம் மறைந்தபின் பட்டணத்துக்கு இடம்பெயர்ந்து நிற்கின்றன. சில அதற்குக் காத்திருக்கின்றன. நாமும் ஒருநாள் ஓய்வு பெற்று வெளியேறுவோம். நாம் சென்ற மறுநாள் காலை, பெற்றோரும் இளைய ஆசிரியரும் 'இது நம்ம பள்ளி' என்று சொல்லிக் கதவைத் திறப்பார்களா? அக்கேள்விக்கு இன்றே விடை தேடுவோமாக.